தொண்ணூற்று மூன்று டிகிரி

"மூணு விசில், அவ்ளோதான்" என்கிறாள்
விருதுநகர்ச் சமையலறை ஒன்றிலிருந்து.
முகம் தெரியாது, கைகள் மட்டும்.
இடது மணிக்கட்டில் பழைய எண்ணெய்ச் சூடு,
புளியங்கொட்டை அளவு.
அவள் தலைக்குமேல் மின்விசிறி கடகடக்கிறது.
நான் ஊட்டி காந்தலில்
காதுவரை இறக்கிய குல்லாவோடு
மூன்றாவது விசிலுக்குக் காத்திருக்கிறேன்.

வந்தது.
பருப்பு போட்டபடியே இருந்தது.

பார்ப்பதில் எனக்குக் குறைவில்லை.
'பத்து நிமிஷப் பந்தி'யில் ஒரு பையன்
வெங்காயத்தைப் பார்க்காமலே நறுக்குவான்;
அவன் விரல்களை எண்ணவே அவனைப் பார்க்கிறேன்.
'சட்டியும் சண்டையும்' நடத்தும் தம்பதி
கடுகு வெடிப்பதற்குள் இரண்டு தடவை முறைத்துக்கொள்வார்கள்,
மீன்குழம்பு கொதித்ததும் சமாதானம்.
சேலத்து மனிதர் ஒருவர் பேசவே மாட்டார்,
அவர் வீட்டு நாய்தான் பேசும்.
ஆனால் தினமும் திறப்பது இவளுடையது:
'உப்பு உங்க இஷ்டம்'.
ஒருமுறை அதிரசம் எண்ணெயில் பிரிந்து பிரிந்து போயிற்று.
அவள் அதை வெட்டி எடுக்கவில்லை.
"வரலைங்க. நீங்களும் பண்ணாதீங்க" என்று
அடுப்பை அணைத்தாள்.
அன்றிலிருந்து அவள் எது சொன்னாலும் கேட்பேன்,
விசிலைத் தவிர.

மெட்டில்டாவுக்கு இந்த மாதம்
எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட்.
விடிந்து வந்து ஒரு கரண்டி சாம்பாரை வாயிலிட்டு
"பருப்பா, சரளையா?" என்றாள்.
பதினோரு வருஷமாய் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன்.
கல்லூரி ஆய்வகத்தில் பிப்பெட் கழுவுகிற கை,
ஒரு சொட்டு அமிலம் சிந்தாத கை.
ஒரு வெள்ளிக்கிழமை மாலை
தெர்மாமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்
(திங்களன்று திருப்பி வைத்துவிட்டேன்).
தண்ணீர் தளதளவென்று கொதித்தது.
பாதரசம் தொண்ணூற்று மூன்றுக்கு ஒரு நூல் கீழே நின்று
இதற்குமேல் வரமாட்டேன் என்றது.

நூறு என்று பரீட்சையில் எழுதி
மார்க் வாங்கியிருக்கிறேன்,
இதே ஊரில்.

அன்றிரவு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன்:
அவளுக்கு மூன்று, நமக்கு ஆறு.
கொண்டைக்கடலை என்றால் முந்தாநாளே முடிவு செய்யவேண்டும்.
ரசம் மாற்றமில்லை.
'ராத்திரி கரைச்சு வச்சா காலைல பொங்கிடும்' –
இதற்கு எதிரே ஒரு கேள்விக்குறி,
பிறகு இன்னொன்று.

மாவு பொங்குவது விருதுநகரில் வெயிலின் வேலை.
இங்கே ஜனவரியில்
குதிரைப்பந்தய மைதானம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கையில்
அது நம் வேலை.
எவர்சில்வர் தூக்குக்கு என் பழைய ஸ்வெட்டரை மாட்டி
கைகளை முன்னால் முடிச்சிட்டு
வீட்டில் எப்போதும் சூடாயிருக்கும் ஒரே பொருளின்மேல்,
இன்டர்நெட் பெட்டியின்மேல், உட்காரவைத்தேன்.
எட்டு மணி நேரம்: ஒன்றுமில்லை.
பதினாறு: ஒரு கொப்புளம்.
அவளுடைய இட்லி வீடியோவை மறுபடி ஓடவிட்டேன்,
தூக்குக்கும் கேட்கட்டும் என்று.
இருபத்திரண்டாம் மணியில் நான் தூங்கிப்போனேன்.

மெட்டில்டா கதவைத் திறந்தபோது
ஸ்வெட்டரின் கழுத்து வழியே மாவு எட்டிப் பார்த்தது.
தோளில் வழிந்து,
பச்சை விளக்குகளை ஒவ்வொன்றாய் மூடியிருந்தது.
மிச்சம் ஒரே ஒரு சிவப்பு.
அவள் ஷால்கூடக் கழற்றவில்லை,
சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
சிந்தியது போக பதினான்கு இட்லி.
மின்விசிறிச் சத்தம் இல்லாமல் தின்றோம்.

செவ்வாய்க்கிழமை வந்தார் லைன்மேன் பெள்ளிராஜ்,
தூனேரிக்காரர்.
காய்ந்த வெள்ளையை நகத்தால் சுரண்டி
மோந்து பார்த்தார்.
"என்ன சார் இது?"
"இட்லி மாவு."
திட்டுவார் என்று நின்றேன்.
ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு
வாசல் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டு
மெல்லக் கேட்டார்:
"எங்க வீட்ல பொங்கவே மாட்டேங்குது சார்.
எத்தனை மணி நேரம் வச்சீங்க?"

புகார்ச் சீட்டின் பின்பக்கம் அவர் எழுத
நான் சொல்லத் தொடங்கினேன்.
ஸ்வெட்டர் கம்பளியா, நூலா
என்று குறுக்கே கேட்டார்.